கோழி அம்மை: தோலுக்குள்ள அந்தக் கிருமி என்னதான் பண்ணுது?

தோட்டத்துக்காரன்_கோபி (இழையைத் தொடங்கியவர்)
வணக்கமுங்க. எங்க பட்டியில பெருவிடை, சிறுவிடைன்னு ரெண்டு நாட்டுக்கோழி வகையும் கலந்து கெடக்குது. மழை விட்டுக் கொசு கிளம்பினதுல இருந்து கொண்டையிலயும் கண்ணோரத்துலயும் அம்மை. மருந்து கேட்டு இந்த இழையை ஆரம்பிக்கலீங்க, அதுக்கு இங்கயே ஏகப்பட்ட இழை இருக்குது. என் சந்தேகம் வேற. வெள்ளைக்கழிச்சல் வந்தா பட்டியே கண் மூடித் திறக்கறதுக்குள்ள காலி. இந்த அம்மை மட்டும் ஏன் ஒவ்வொரு கோழியா, வாரக்கணக்குல இழுக்குது? ஒண்ணுக்குக் காஞ்சு உதிரும்போது அடுத்ததுக்கு மொளைக்குது. பள்ளிக்கூடத்துல "வைரஸ் செல்லுக்குள்ள போய்ப் பெருகும்"னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. எப்படிப் பெருகுது, எப்படி வெளிய வருதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. அவசரமில்லீங்க.

பெருவிடை_பிரியன்
மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு, வெண்ணெய்ல குழைச்சுத் தடவுங்க தம்பி. மூணு வாரத்துல சரியாயிரும். செல்லு கில்லுன்னு எதுக்கு மண்டையைக் குழப்பிக்கறீங்க?

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்
கோபி தம்பி, இது சாவகாசமான கிருமிதான். உள்ளே நுழைஞ்சு முதல் கொப்புளம் கண்ணுக்குத் தெரியவே 4 முதல் 10 நாள் ஆகும். அதுவும் காயமில்லாத தோல் வழியா இதால நுழைய முடியாது. சண்டையில கொத்துப்பட்ட கொண்டை, முள்ளு கிழிச்ச கால், கொசு குத்தின கண்ணிமை, இப்படி ஒரு வாசல் வேணும். வெள்ளைக்கழிச்சல் மூச்சுக்காத்து, எச்சம், தீவனத் தட்டுன்னு எல்லா வழியிலயும் போகும். அம்மை ஒவ்வொரு கோழியிலயும் ஒரு காயத்துக்காகக் காத்துக்கிடக்கணும். பாதிப் பதில் அதுதான்.

மீதிப் பாதி செல்லுக்குள்ள இருக்கு. கண்ணாடித்தட்டு அம்மா இங்கே வந்தா சொல்லுவாங்க, ஆய்வகத்துல தினமும் அவங்க பாக்கறதே அதைத்தான்.

கண்ணாடித்தட்டு
கூப்பிட்டதால் வந்தேன் சார். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோழி அம்மை ஒரு டி.என்.ஏ. வைரஸ். டி.என்.ஏ. வைரஸ்களில் பெரும்பாலானவை செல்லின் உட்கருவுக்குள் போனால்தான் வேலையை ஆரம்பிக்க முடியும். டி.என்.ஏ.-வைப் படித்து ஆர்.என்.ஏ. தயாரிக்கும் நொதி அங்கேதான் இருக்கிறது. அம்மை வைரஸ் குடும்பம் அந்தப் பக்கமே போவதில்லை. வாடகைக்கு வருகிறவர் அடுப்பு, பாத்திரம், சமையல்காரர் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்தால் எப்படியோ, அப்படித் தனக்கு வேண்டிய அந்த நொதியை, அதாவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸை, தன் துகளுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வருகிறது. மேலுறை செல் சவ்வோடு ஒன்றிப் போனதும் நடுப்பகுதி மட்டும் சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவுக்கு வெளியே உள்ள செல் கூழில், இறங்கும். அது அவிழ்வதற்கு முன்பே, மூடிய நிலையிலேயே, உள்ளிருந்து முதல் கட்ட ஆர்.என்.ஏ. வெளியே வர ஆரம்பித்துவிடும். அதைப் புரதமாக்கும் ரைபோசோம் மட்டும் கோழியுடையது.

முதல் கட்டப் புரதங்களில் சில அந்த நடுப்பகுதியை முழுசாக அவிழ்க்கும், சில டி.என்.ஏ.-வை நகலெடுக்கும், இன்னும் சில கோழியின் எதிர்ப்பாற்றலை மழுப்பும். நகலெடுப்பு நடக்கும் இடத்தைச் சைட்டோபிளாசத்தில் தனியாக அடையாளம் காணலாம், வைரஸ் தொழிற்சாலை என்றே அதற்குப் பெயர். பிறகு இடைக்கட்ட மரபணுக்கள், கடைசிக் கட்ட மரபணுக்கள் என்று வரிசையாக வேலை செய்யும். கடைசிக் கட்டத்தில்தான் புதுத் துகளுக்கான உறுப்புகள் தயாராகும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் முதலில் பிறைநிலா வடிவத்தில் சவ்வுத் துண்டுகள் தெரியும். அவை வளைந்து மூடி உருண்டையாகும், உருண்டைக்குள் டி.என்.ஏ. அடையும், அப்புறம் உள்ளே எல்லாம் ஒழுங்காகி செங்கல் வடிவத்துக்கு வந்துவிடும். அதுதான் முதிர்ந்த துகள். நீளவாக்கில் 300 நானோமீட்டருக்கும் மேல். வைரஸ்களில் இது பெரிய உருப்படி.

மரபணுத் தொகுதியும் பெரிசு. 2000-ல் முழுசாகப் படித்து வெளியிட்டார்கள்: சுமார் 2,88,000 டி.என்.ஏ. எழுத்து, 260 மரபணு. கேனரிப் பறவை அம்மை இதைவிடவும் பெரிசு.

தோட்டத்துக்காரன்_கோபி
அம்மா, ரெண்டு தரம் படிச்சு முக்காவாசி புரிஞ்சுதுங்க. ஒரு சின்ன சந்தேகம். கொப்புளம்னு நாம சொல்றோம், ஆனா மனுசங்களுக்கு வர்ற அம்மை மாதிரி இதுல நீர் கோக்கறதில்லை. கையில தொட்டுப் பாத்தா மரு மாதிரி கெட்டியா இருக்குது. அது ஏனுங்க?

கண்ணாடித்தட்டு
இந்த வைரஸின் குணமே அந்தக் கெட்டியில்தான் இருக்கிறது.

கோழித் தோலில் இது வளர்கிற விதத்தை 1960-களில் மணிக்கணக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கிருமியைத் தேய்த்ததும் முதல் 72 மணி நேரம் புது வைரஸ் உற்பத்தி என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அந்த மூன்று நாளில் நடப்பது வேறு: தோலின் மேலடுக்குச் செல்கள் மளமளவென்று பெருகுகின்றன. கோழியின் சொந்த டி.என்.ஏ.-தான் முதலில் நகலாகிறது, செல் எண்ணிக்கை கூடுகிறது, தோல் தடிக்கிறது. அதற்குப் பிறகுதான், 72-லிருந்து 96 மணி நேரத்துக்குள், தொற்றக்கூடிய புது வைரஸ் உருவாகிறது. நீங்கள் தொட்டுப் பார்த்த மரு அந்தப் பெருகிய செல்களின் குவியல். வளர்ச்சியையும் செல் பெருக்கத்தையும் கட்டுப்படுத்தும் கோழிப் புரதங்களை ஒத்த மரபணுக்கள் இந்த வைரஸிடமே உண்டு. எந்த மரபணு எவ்வளவு தூண்டுகிறது என்பது தனி விவாதம், அதற்குள் நான் போகவில்லை.

பெருவிடை ஐயாவுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. தடிப்பு நம் கண்ணில் படும்போது உள்ளே முதல் சுற்று உற்பத்தி முடிந்திருக்கும். மேலே எதைப் பூசினாலும் செல்லுக்குள் நடப்பதைத் தடுக்காது.

பெருவிடை_பிரியன்
அப்போ மூணு வாரத்துல எப்படிங்க அம்மா குணமாகுது? எங்க அப்பாரு காலத்துல இருந்து தடவறோம்.

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்
தடவாத கோழிக்கும் அதே மூணு நாலு வாரத்துலதான் ஐயா உதிரும். கோழியோட எதிர்ப்பாற்றல் செய்யற வேலை அது. ஆனா தடவறது வீண்னு நான் சொல்ல மாட்டேன். புண்ணுல ஈ மொய்க்காம, சீழ் பிடிக்காம இருக்கும். கண்ணோரத்துப் புண்ணுல சீழ் பிடிச்சா கோழிக்குக் கண்ணு தெரியாது, தீவனம் கொத்தாது, இளைச்சே செத்துப்போகும். தடவுங்க. பொருக்கைப் பிய்ச்சுட்டு மட்டும் தடவாதீங்க. ஊர்ல பாதிப்பேர் பிளேடால சுரண்டி, ரத்தம் வர வெச்சு, அது மேல பூசறாங்க. அதே பிளேடு, அதே கை அடுத்த கோழிக்கும் போகுது. கொசு செய்யற வேலையை நாமளே செஞ்சு கொடுக்கறோம்.

வாய்க்குள்ள, தொண்டையில வெள்ளையா, மஞ்சளாப் படலம் படியற வகை வேற. அதுல மூச்சுக்குழாய் அடைச்சுக்கும், சாவும் அதிகம். அதுக்குக் கைவைத்தியம் பார்த்துட்டு உக்காந்திருக்க வேண்டாம், டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.

ஆய்வகத்துப்_பூனை
அக்கா சொன்னதில் ஒரு முக்கியமான ஆசாமி விடுபட்டுப் போச்சு. போலிங்கர் உருண்டை! அக்கா, உங்க தட்டில் தினமும் பார்ப்பதை நீங்களே எழுதுங்க. அதுக்கப்புறம் நான் கதை சொல்றேன்.

கண்ணாடித்தட்டு
சரி. மருவின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, ஹிமாடாக்சிலின்-இயோசின் சாயம் ஏற்றிப் பார்ப்போம். தோலின் அடி வரிசைச் செல்கள் சாதாரணமாகத்தான் இருக்கும். மேலே போகப் போகச் செல்கள் ஊதிப் பெருத்திருக்கும். ஒவ்வொன்றின் சைட்டோபிளாசத்திலும் இளஞ்சிவப்பாக ஒரு உருண்டை. சில செல்லில் அந்த உருண்டையே செல்லை அடைத்துக்கொண்டு, நீல உட்கருவை ஓரத்தில் பிறை மாதிரி நசுக்கி வைத்திருக்கும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. பக்கத்திலேயே, பொருக்குப் பகுதியில், செத்த செல், காய்ந்த ரத்தம், பாக்டீரியா எல்லாம் குழம்பிக் கிடக்கும்.

அந்த உருண்டைகளை 1873-ல் ஜெர்மனியின் ஓட்டோ போலிங்கர் விவரித்தார். அதற்குள் பொடிப்பொடியாகத் துகள்கள் இருப்பதை 1904-ல் பிரான்சின் அமெதே போரெல் காட்டினார். இன்றைக்கும் உருண்டைக்குப் போலிங்கர் பெயர், துகளுக்குப் போரெல் பெயர். உருண்டையில் கொழுப்பு நிறைய. கொழுப்புச் சாயம் போட்டாலும் நன்றாகப் பிடிக்கும்.

ஆய்வகத்துப்_பூனை
நன்றி அக்கா. இப்போ கதை.

உருண்டைக்குள் இருப்பது கிருமியா, அல்லது செல் நொந்துபோய் ஒதுக்கிவைத்த கழிவா என்று ரொம்ப நாள் சண்டை. வைரஸைக் கண்ணால் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வராத காலம். 1929-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரம், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். யூஜீன் வுட்ரஃப், ஆய்வகத் தலைவர் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் இருவரும் ஒரே ஒரு உருண்டையைத் தனியாகப் பிரித்தெடுத்து, நன்றாகக் கழுவி, நல்ல கோழியின் இறகுக் குழியில் வைத்தார்கள். கோழிக்கு அம்மை வந்தது. சண்டை முடிந்தது. உருண்டைதான் கிருமியின் குடியிருப்பு.

அதற்கடுத்து நடந்ததுதான் பெரிசு. அதே ஆய்வகத்தில் யூஜீனின் மனைவி ஆலிஸ் வுட்ரஃபும் வேலை செய்தார். கோழி அம்மைக் கிருமியைப் பாக்டீரியா கலக்காமல் சுத்தமாக வளர்க்க வேண்டும் என்பது அவர்கள் தவிப்பு. பென்சிலின் மருந்தாக வராத காலம், எந்தத் திசுவில் வளர்த்தாலும் பாக்டீரியா முந்திக்கொள்ளும். முட்டைக்குள் வளரும் குஞ்சின் சுற்றுச்சவ்வு இயற்கையிலேயே சுத்தமான இடம். ஓட்டைச் சுத்தம் செய்து, சின்ன ஜன்னல் வெட்டி, சவ்வின் மேல் கிருமியை வைத்து, ஜன்னலைக் கண்ணாடித் துண்டால் மூடி மறுபடியும் அடைகாக்க வைத்தார்கள். சவ்வு தடித்து வெள்ளை வெள்ளையாக அம்மை பூத்தது. ஆலிஸும் குட்பாஸ்ச்சரும் சேர்ந்து 1931-ல் எழுதிய கட்டுரை அது.

இன்றைக்கும் ஃப்ளூ தடுப்பூசியில் பெரும்பகுதி முட்டையில் வளர்த்த வைரஸிலிருந்து வருகிறது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் முட்டைக்கருவில்தான். அந்த வழியை முதலில் திறந்தது நம் பட்டியில் பொருக்காக உதிர்கிற இதே கிருமி. பாடப்புத்தகத்தில் குட்பாஸ்ச்சர் பேர் இருக்கும், ஆலிஸ் பேர் பாதிப் புத்தகத்தில் இருக்காது. ஜன்னல் வெட்டி உட்கார்ந்தது ஆலிஸ். இதில் எனக்குக் கோபம் உண்டு, மன்னிக்கவும்.

முட்டைக்கடை_அக்கா
முட்டையில இருந்து இவ்வளவு நடந்திருக்கா! சரி கண்ணு, எனக்கு ஒரு பயம். வீட்டுல பொடிசுக கோழியைத் தூக்கி வெச்சுக்கிட்டேதான் திரியுதுக. இந்த அம்மை அதுகளுக்கு ஒட்டுமா?

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்
ஒட்டாதும்மா. குழந்தைகளுக்கு வர்ற சின்னம்மை ஹெர்ப்பிஸ் குடும்பம், இதுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கோழியைத் தொட்டா கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்க, அது வேற கிருமிகளுக்காக.

ஆய்வகத்துப்_பூனை
ஒட்டாது என்பதிலும் ஒரு சுவாரசியம் இருக்கு அக்கா. பறவை அம்மை வைரஸ் மனுசச் செல்லுக்குள் நுழையும், முதல் கட்டப் புரதங்களைத் தயாரிக்கவும் செய்யும். அதற்குமேல் வண்டி ஓடாது, தொற்றக்கூடிய புதுத் துகள் வராது. ஆகவே வேறொரு நோயின் மரபணுவை இதற்குள் செருகி அனுப்பினால், அந்தப் புரதத்தை உடம்புக்குக் காட்டிவிட்டு இது அடங்கிப் போகும். கேனரிப் பறவை அம்மை வைரஸை அப்படி மாற்றி நாய், பூனை, குதிரைத் தடுப்பூசிகள் வந்திருக்கு. எச்.ஐ.வி.-க்காகத் தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில் முதல் ஊசியாகப் போட்டதும் கேனரி அம்மை வைரஸ்தான். 2009-ல் முடிவு வந்தது, பாதுகாப்பு 31 சதவீதம். பொதுப் பயன்பாட்டுக்குப் போதாத அளவு. ஆனால் எச்.ஐ.வி. தடுப்பூசி முயற்சிகளில் கொஞ்சமாவது பலன் தெரிந்த முதல் சோதனை அது.

தோட்டத்துக்காரன்_கோபி
எல்லாம் சரிங்க. செல்லுல இருந்து வெளிய எப்படி வருதுன்னு யாரும் சொல்லலையே. செல்லு வெடிச்சா வருது?

கண்ணாடித்தட்டு
இரண்டு வழியிலும் வருகிறது. ஒரு பகுதி துகள்கள் போலிங்கர் உருண்டைக்குள் பதிந்து, செல்லோடு சேர்ந்தே மேலே தள்ளப்பட்டு, செல் செத்து உதிரும்போது பொருக்கோடு போகும். இன்னொரு பகுதி செல் உயிரோடு இருக்கும்போதே விளிம்புக்கு வந்து, செல் சவ்வையே ஒரு மேலுறையாகப் போர்த்திக்கொண்டு மொட்டு விடுகிற மாதிரி வெளியேறும். பக்கத்துச் செல்லுக்குப் பரவுவதில் இந்தப் போர்வை போட்ட துகளுக்குப் பங்கு அதிகம்.

ஆய்வகத்துப்_பூனை
இங்கே ஒரு சின்னத் திருத்தம். பல பாடப்புத்தகங்கள் இதே அம்மைக் குடும்பத்தைச் சேர்ந்த வாக்சினியா வைரஸை (பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்தது) வைத்து எழுதினவை. அதில் துகள்கள் செல்லுக்குள்ளேயே, கோல்கி என்ற செல் உறுப்பின் பக்கத்துச் சவ்வால் சுற்றப்பட்டுத்தான் பெரும்பாலும் வெளியே போகும். கோழி அம்மைக்கும் அதையே அப்படியே எழுதிவிடுகிறார்கள். பூலாஞ்சே, ஸ்மித், ஸ்கின்னர் மூவரும் கோழிக்கரு நார்ச்செல்லில் பார்த்து 2000-ல் எழுதினது வேறு: கோழி அம்மையில் மொட்டு விடுவதுதான் முதன்மையான வழி, உள்ளே சுற்றிக்கொள்வது குறைவு. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் உண்டு, யாரென்று கேட்காதீங்க.

பறவை_பார்க்கப்_போறவன்
குறுக்கே வர்றேன். ஹவாய்த் தீவுகளில் கொசுவே இல்லாமல் இருந்தது. 1826-ல் கப்பல் தண்ணீரோடு கொசு வந்து இறங்கியது. அதுக்குப் பிறகு அங்கே உள்ள தேன்சிட்டு மாதிரியான காட்டுப் பறவைகளில் பறவை மலேரியாவும் அம்மையும் சேர்ந்து பெரிய அழிவைச் செய்தன. கோபி பட்டியில் மழைக்குப் பின்னால் வருவதும் அதே கொசு இனமாக இருக்கலாம், நம்ம வீட்டுச் சாக்கடைக் கியூலெக்ஸ். கொசுவுக்குள்ளேயும் இந்த அம்மைக் கிருமி பெருகுமா? மலேரியா பெருகுதே?

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்
பெருகாது. மலேரியாவுக்குக் கொசு உடம்புல ஒரு பருவம் கழிஞ்சாகணும். அம்மைக்குக் கொசு வெறும் ஊசி. புண்ணுல குத்தின மூக்குல கிருமி ஒட்டிக்கும், அடுத்த பறவையில இறங்கும், அவ்வளவுதான். ஒருதடவை ஒட்டினது பல நாளுக்குத் தாங்கும், அதனால பட்டியில கொசுவை அடக்காம அம்மையை அடக்க முடியாது. செள்ளு, பேனையும் விட்டு வைக்காதீங்க.

பெருவிடை_பிரியன்
சரி, பொருக்கு உதிர்ந்து காஞ்சு மண்ணோட மண்ணாப் போச்சு. அதுக்கப்புறமும் கிருமி இருக்குமா? வெயில்ல செத்துராதா?

கண்ணாடித்தட்டு
ஐயா, பொருக்குக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ந்து போவது இதற்குத் துன்பமே இல்லை, உருண்டையின் பொருளும் செத்த தோலும் போர்த்திக் காக்கின்றன. 1 சதவீத ஃபீனால் கிருமிநாசினியையே 9 நாள் தாங்கும் என்று பதிவு இருக்கிறது. காஸ்டிக் பொட்டாஷ் 1 சதவீதக் கரைசல் கொல்லும், ஆனால் கிருமி அந்தப் போர்வையிலிருந்து விடுபட்டிருந்தால்தான். வெறுமனே மருந்துத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனால் பொருக்குக்குள் இறங்காது. பெருக்கி, பொறுக்கி, எரிக்க வேண்டும். சூடு இதற்கு ஆகாது, 60 டிகிரியில் 8 நிமிடம் போதும்.

வெயிலுக்கும் இதனிடம் ஏற்பாடு இருக்கிறது. புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.-வின் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒட்டவைத்துக் கெடுக்கும். அந்த ஒட்டைப் பிரித்துச் சரிசெய்யும் ஃபோட்டோலயேஸ் என்ற நொதியின் மரபணு கோழி அம்மை வைரஸிடம் இருக்கிறது. அந்த நொதி வேலை செய்ய வேண்டிய சக்தியும் வெளிச்சத்திலிருந்தே கிடைக்கிறது.

பெருவிடை_பிரியன்
கெட்டிக்காரக் கிருமியா இருக்குதே!

ஆய்வகத்துப்_பூனை
இன்னொன்று கேளுங்க ஐயா. பல நாடுகளில் பட்டிகளிலிருந்து எடுத்த கோழி அம்மைக் கிருமியின் டி.என்.ஏ.-வுக்குள் வேறொரு வைரஸ் ஏறக்குறைய முழுசாக உட்கார்ந்திருக்கிறது. ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ் என்று நீளமான பேர், கோழியின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கிற ரெட்ரோவைரஸ், அதாவது தன் மரபணுவை வேறு டி.என்.ஏ.-வுக்குள் செருகிக்கொள்கிற வகை. பழைய தடுப்பூசிக் கிருமிகள் பலவற்றில் அதன் துண்டு மட்டுமே மிச்சம். தடுப்பூசி போட்ட பட்டியிலும் அம்மை வந்தால் இதையும் சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்
பூனை, அந்தச் சந்தேகத்துக்கு முன்னாடி ஊசி ஒழுங்காப் போட்டாங்களான்னு பாக்கணும். நான் பாத்த வரைக்கும் பத்துல எட்டு அதுதான்.

நெறியாளர்
பக்கத்து இழையிலிருந்து புறா வளர்க்கும் நண்பரின் கேள்வியை இங்கே மாற்றியிருக்கிறேன்: "புறா அம்மையும் கோழி அம்மையும் ஒன்றா?"

கண்ணாடித்தட்டு
ஒரே பேரினம், வேறு வேறு வைரஸ். புறா அம்மை கோழியில் லேசாகத்தான் பிடிக்கும். அதனால் அதையே கோழிக்குத் தடுப்பூசியாகப் போடும் வழக்கமும் உண்டு.

தோட்டத்துக்காரன்_கோபி
அம்மா, டாக்டர், பூனை எல்லாருக்கும் நன்றிங்க. எங்க பட்டியில இன்னும் நெறைய உருப்படிக்கு வரலை. இப்பப் போய் ஊசி போடலாமுங்களா?

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்
சில கோழிக்கு மட்டும்தான் வந்திருக்குன்னா மீதிக்குப் போடலாம். வந்ததுக்குப் போட்டுப் பலனில்லை. பாதிக்கு மேல வந்துருச்சுன்னா உங்க ஊர் டாக்டர் ஒருதடவை பாத்துட்டு முடிவு பண்ணட்டும். குஞ்சுகளுக்கு வழக்கமா 6-8 வாரத்துல போடறது.

போடற இடம் இறக்கைச் சவ்வு. இறக்கையை விரிச்சா முன்பக்கம் முக்கோணமா மெல்லிசுத் தோல் தெரியும். ரத்தக்குழாயை விட்டு, இறகை ஒதுக்கிட்டு, அடிப்பக்கமிருந்து குத்தணும். ஊசி இறகுல பட்டா மருந்து அங்கேயே ஒட்டிக்கும், தோலுக்குள்ள போகாது.

7-லிருந்து 10 நாள் கழிச்சு இறக்கையைத் தூக்கிப் பாருங்க. குத்தின இடத்துல சின்னதாத் தடிச்சு, பொருக்குக் கட்டியிருக்கணும். கண்ணாடித்தட்டு அம்மா சொன்ன செல் பெருக்கம்தான் அது, நாம வேணும்னே ஒரு புள்ளியில நடத்தறோம். நாலஞ்சு கோழியில தடிப்பே இல்லைன்னா மருந்து கெட்டிருக்கு, இல்லை கை தவறியிருக்கு. மறுபடி போடணும்.

முட்டைக்கடை_அக்கா
சர்க்கரை வியாதிக்குப் போடற சின்ன ஊசியில ஏத்திப் போட்டா ஆகாதா டாக்டர்? வீட்டுல நெறைய கெடக்குது.

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்
வேண்டாம்மா. இதுக்குன்னு ரெண்டு முனை ஊசி இருக்கு, முனையில சின்னப் பள்ளம் இருக்கும், ஒரு முக்குக்கு எவ்வளவு மருந்து நிக்கணுமோ அவ்வளவு நிக்கும். மருந்து வாங்கற இடத்துலயே கேளுங்க. ஐஸ் பெட்டியில வெச்சுக் கொண்டுவாங்க. கலக்கினதை அன்னைக்கே போட்டு முடிச்சுரணும். மிச்சத்தையும் காலி புட்டியையும் குப்பையில வீசாம எரிச்சுருங்க, அதுக்குள்ள இருக்கறதும் உயிர்க் கிருமிதான்.